பிறக்காத குட்டிக்கு முன்பணம்

1888 செப்டம்பரில் நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே மைதானத்தில் ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது. வென்றது பிராக்டர் நாட் என்ற இரண்டு வயதுக் குதிரை. அந்தப் பந்தயத்துக்கான முதல் கட்டணம் கட்டப்பட்டபோது ஓடிய குதிரைகள் எல்லாம் தாய் வயிற்றில் இருந்தன. பிறப்பது ஆணா பெண்ணா, கால் நேராக இருக்குமா, ஓடுமா என்று எதுவும் தெரியாமல் சினைக் குதிரையின் பேரில் பணம் கட்ட வேண்டும். பிறந்த பிறகு இன்னொரு தவணை, பந்தயம் நெருங்கும்போது இன்னொன்று. நடுவில் யார் விலகினாலும் கட்டிய காசு திரும்பாது. எல்லாம் பரிசுப் பணத்தில் சேரும். இந்த ஏற்பாட்டுக்கு ஃபியூச்சரிட்டி என்று பெயர் வைத்தார்கள்.

நாய்க்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சிகாகோவிலிருந்து வந்த ‘அமெரிக்கன் ஃபீல்ட்’ இதழ் வேட்டை நாய்களின் வம்சப் பதிவேட்டையும் பராமரித்துவந்தது. காடை வேட்டைக்குப் பழக்கிய பாயின்டர், செட்டர் நாய்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது ஃபியூச்சரிட்டி நடத்த ஆரம்பித்துவிட்டது. பிறகு ஜெர்மன் ஷெப்பர்ட், பாக்ஸர், கிரேட் டேன் கிளப்களும் ரக்கூன் வேட்டை நாய்க்காரர்களும் இதே வழிக்கு வந்தார்கள். இன்னொரு பக்கம், கிரேஹவுண்ட் பந்தயம் சூதாட்டத் தொழிலாக வளர்ந்த நாடுகளில் அரசாங்கமே பிரீடர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் நிலை வந்தது.

போட்டி நாய் வளர்ப்பை ஊக்குவிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, கட்டணத்தை எந்தக் கட்டத்தில் யாரிடம் வாங்குகிறார்கள், அந்த ஏற்பாடு நாய்களின் எண்ணிக்கையையும் உடம்பையும் என்ன செய்கிறது என்பவைதான் இந்தக் கட்டுரையின் கேள்விகள். விதிமுறைப் புத்தகங்களைப் படிக்கிறவர்கள் பரிசுத் தொகைப் பக்கத்தை முதலில் புரட்டுவார்கள். கட்டணப் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது.

நம் ஊரில் ஏலச்சீட்டு தெரிந்தவர்களுக்கு ஃபியூச்சரிட்டி எளிதில் புரியும். எல்லோரும் பணம் போடுகிறார்கள், நடத்துகிறவர் ஒரு கமிஷன் எடுத்துக்கொள்கிறார், மீதி ஒருவர் கைக்குப் போகிறது. சீட்டில் என்றைக்காவது எல்லோருக்கும் முறை வரும். இங்கே பெரும்பாலானவர்களுக்கு வராது. வராது என்று தெரிந்தே போடுகிறார்கள்.

நாய்ப் போட்டிகளில் கட்டணம் சாதாரணமாக மூன்று நான்கு படிகளில் ஏறும். பெட்டை நாயைக் கடுவனுடன் சேர்த்த பிறகு, குட்டி போடுவதற்கு முன்பாகவோ போட்ட சில வாரங்களுக்குள்ளோ, அந்த ஈற்றைப் பதிவுசெய்ய ஒரு சிறு தொகை. குட்டிகள் சில மாதம் வளர்ந்ததும் தேறக்கூடியது என்று தோன்றுகிற ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக அடுத்த தொகை. போட்டிக்கு வரும்போது நுழைவுக் கட்டணம். முதல் படியைத் தவறவிட்டவர் நடுவில் ஏறிக்கொள்ளச் சில கிளப்கள் இடம் கொடுக்கின்றன, பல மடங்கு கூடுதல் கட்டணத்துக்கு. வேறு சில போட்டிகளில் முதல் தவணை கடுவன் வைத்திருப்பவரிடமே தொடங்குகிறது. அவருடைய நாய் அந்த ஆண்டுக்குப் பதிவாகியிருந்தால்தான் அதற்குப் பிறந்த குட்டிகள் போட்டிக்குத் தகுதி பெறும். கடுவனின் மேட்டிங் ஒன்றை ஏலம் விட்டு அந்தப் பணத்தைப் பரிசு நிதியில் சேர்க்கும் வழக்கமும் உண்டு. கடுவன்காரருக்கு அது விளம்பரம், கிளப்புக்கு வருமானம்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எந்தக் கிளப்பின் கணக்கும் இல்லை, விளக்கத்துக்காக நான் போடுவது. 100 ஈற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். 3,000 ஆயிற்று. ஈற்றுக்கு ஆறு என்று வைத்தால் 600 குட்டிகள். அவற்றில் 200 குட்டிகளுக்கு மட்டும் அடுத்த தவணை 20 டாலர் வருகிறது. அது 4,000. கடைசியில் 60 குட்டிகள் 50 டாலர் கட்டிப் போட்டிக்கு நிற்கின்றன. அது 3,000. மொத்தம் 10,000 டாலர். நடுவர் பயணச் செலவு, கோப்பை, அச்சு என்று 15 சதவீதம் போனால் 8,500 மிஞ்சும். அதில் நாயின் உரிமையாளருக்கு 60 சதவீதம், பிரீடருக்கு 30, கடுவன்காரருக்கு 10 என்று பிரித்தால் முறையே 5,100, 2,550, 850.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். மொத்தப் பணத்தில் பத்தில் ஏழு பங்கு, குட்டி தேறுமா என்று தெரிவதற்கு முன்பே வந்துவிட்டது. போட்டி முடிவைத் தீர்மானிப்பது அறுபது நாய்கள், பணம் தந்தது அறுநூறு குட்டிகளைப் பற்றிய கனவு. இரண்டாவது, பிரீடருக்கென்று ஒரு பங்கு. சாதாரணப் போட்டியில் பரிசு நாயை வைத்திருப்பவருக்குத்தான். குட்டியை எட்டு வாரத்தில் விற்றுவிட்ட பிரீடருக்கு வெற்றியில் பேர் உண்டு, காசு கிடையாது. ஃபியூச்சரிட்டி அதைச் சரிசெய்கிறது. விற்ற பிறகும் அந்தக் குட்டியின் மேல் பிரீடருக்கு ஒரு பிடிப்பு இருக்கும், வாங்கியவரைக் கூப்பிட்டு அடுத்த தவணையை ஞாபகப்படுத்துவார், எப்படி வளர்கிறது என்று கேட்பார். இந்தத் திட்டங்களில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான். ஏதோ ஒரு விதத்தில் பிரீடரை அவர் உண்டாக்கிய உயிரோடு இரண்டு வருடம் கட்டிப்போடுகிறது.

இதைவிட முக்கியமான நன்மை ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லி விளம்பரம் செய்வதில்லை. பணம் முழுக்க உள்ளிருந்தே வருவதால், அதிகக் குட்டி போடவைத்தால் அதிகம் கட்ட வேண்டும். பரிசுப் பானையைப் பெரிதாக்குவது உங்கள் சொந்தப் பை. ஊக்கமும் கடிவாளமும் ஒரே கையில் இருக்கின்றன. இந்தப் பரிசை நம்பி யாரும் பணக்காரர் ஆனதில்லை. அதனாலேயே இதற்காக ஆயிரக்கணக்கில் குட்டி போடவைக்கிறவர்களும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஃபியூச்சரிட்டி இளம் நாய்களுக்கான போட்டி. அமெரிக்க ஜெர்மன் ஷெப்பர்ட் கிளப்பில் வெல்லும் ஆண் நாய்க்கு ‘ஃபியூச்சரிட்டி விக்டர்’ என்றும் பெட்டைக்கு ‘விக்ட்ரிக்ஸ்’ என்றும் பட்டம். பட்டம் வாங்கும் நாய்க்கு இரண்டு வயதுகூட நிரம்பியிருக்காது. அந்த இனத்தின் பரம்பரைச் சாபம் இடுப்பு மூட்டுக் கோளாறு. அமெரிக்காவில் நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்துச் சான்று தரும் அறக்கட்டளையை 1966இல் ஜான் ஒலின் தொடங்கினார். அவரே லாப்ரடார் வளர்த்தவர். அவருடைய கிங் பக் என்ற நாய் 1959இல் அமெரிக்க வாத்து வேட்டை முத்திரையில் இடம்பிடித்தது. அந்த அறக்கட்டளை 24 மாதம் நிறையாத நாய்க்கு இறுதிச் சான்று கொடுக்காது. அதாவது, இடுப்பு நல்லதா என்று தெரிவதற்கு முன்பே நாய் பட்டம் வாங்கிவிடுகிறது, கடுவனாக இருந்தால் மேட்டிங் கட்டணமும் ஏறிவிடுகிறது. சீக்கிரம் பருவத்துக்கு வருகிற, சீக்கிரம் அழகாகிற நாய்களுக்கு இந்த ஏற்பாடு மதிப்பெண் கூட்டிப் போடுகிறது. மெதுவாக முற்றி எட்டு வயதிலும் படியேறுகிற நாய்க்கு இதில் பரிசு இல்லை. தீர்வும் எளிதுதான். பரிசின் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, 24 மாதத்தில் சான்று வந்த பிறகு கொடுத்தால் போதும். இதைச் செய்ய ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

பணமே கொடுக்காமல் ஊக்குவிக்கும் முறையும் உண்டு. நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் முதலிடம் பெறும் நாய்க்கு ரொக்கப் பரிசே கிடையாது. முன்னணி நாயை ஆண்டு முழுக்க ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதற்கு ஆகும் செலவு லட்சக்கணக்கான டாலர் என்று சொல்வார்கள். அந்தக் காசைத் திரும்பப் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் செலவழிக்கிறார்கள். ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் 1899இல் தொடங்கிய ஷெப்பர்ட் நாய்ச் சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சியிலும் கௌரவம்தான் பரிசு. ஆனால் அங்கே மேல் வரிசையில் நிற்கும் கடுவனைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் பெட்டைகள் வரும். மேடையில் கொடுக்காத பணம் கொட்டிலுக்கு வந்து சேர்கிறது. இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஒரே கடுவனின் ரத்தம் இனம் முழுக்கப் பரவுகிறது. ஃபியூச்சரிட்டி பணத்தை நூறு பேரிடம் வாங்கி நாலு பேருக்குக் கொடுக்கிறது என்றால், பட்ட முறை நூறு பெட்டைகளை ஒரு கடுவனிடம் அனுப்புகிறது. இரண்டில் எது இனத்துக்குக் கெடுதல் என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பதிவேட்டை நடத்தும் அமைப்புகளின் கணக்கு தனி. 1884இல் உருவான அமெரிக்கன் கென்னல் கிளப்பின் வருமானத்துக்கு நெடுங்காலம் முதுகெலும்பு, குட்டிகளின் பதிவுக் கட்டணம். 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் நாய்கள் பதிவாயின. 2010 வாக்கில் அது 6 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இப்படி ஒரு அமைப்புக்குக் குட்டிகள் குறைவதில் என்ன ஆர்வம் இருக்க முடியும்? பிரிட்டனின் கென்னல் கிளப் ஒரு பெட்டைக்கு நான்கு ஈற்றுகளுக்கு மேல் பதிவுசெய்ய மறுப்பது 2012இலிருந்துதான். அதற்கு முன் ஆறு. தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொள்ளும் முடிவு என்பதால் அதை மெச்சத்தான் வேண்டும். நாய்த்தீவன நிறுவனங்களும் இந்தச் சந்தைக்குள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு தீவன நிறுவனம், உறுப்பினர்கள் தீவனப் பையிலிருந்து வெட்டி அனுப்பும், எடை அச்சிட்ட வட்டங்களை எண்ணி, அதற்கேற்ப இனக் கிளப்புக்கும் நாய்களின் நோய் ஆராய்ச்சிக்கும் நிதி தந்துவந்தது. தந்திரமான விளம்பரம்தான். ஆனாலும் குட்டி எண்ணிக்கையைக் கூட்டாமல் வந்த பணம் இந்தத் துறையில் அபூர்வம்.

இனி கிரேஹவுண்ட். கேள்வி தீவிரமாவது இங்கேதான்.

1919இல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் இயந்திர முயலை ஓடவிட்டார். நாய்கள் அதைத் துரத்தின. 1926 ஜூலையில் மான்செஸ்டரின் பெல் வ்யூ மைதானத்தில் பிரிட்டனுக்கும் அது வந்தது. அதுவரை வயல்வெளியில் நில உரிமையாளர்கள் நடத்திய முயல் வேட்டைப் போட்டி, நகரத்துத் தொழிலாளி சாயங்காலம் பந்தயம் கட்டும் விளையாட்டாக மாறியது. பந்தயம் கட்டுபவனுக்கு வாரத்துக்குப் பல நாள், இரவுக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டம் வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆறு எட்டு நாய்கள். நாய் ஓடும் காலமோ சில வருடம்தான். ஆக, இந்தத் தொழிலுக்குத் தடையில்லாமல் புது நாய்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஊக்கத்தொகைத் திட்டங்கள் பிறந்தது இந்தத் தேவையிலிருந்து. நல்ல நாய் வேண்டும் என்பதோடு போதுமான நாய் வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. ஃபியூச்சரிட்டிக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

அமெரிக்காவில் மாநிலங்கள் இதற்குச் சட்டமே போட்டன. கன்சாஸிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் ‘கிரேஹவுண்ட் இனப்பெருக்க மேம்பாட்டு நிதி’ என்று சட்டத்தில் எழுதிய நிதி இருந்தது. பணம் பந்தயச் சீட்டிலிருந்தும் பிற்காலத்தில் சூதாட்ட இயந்திர வருமானத்திலிருந்தும் வரும். தகுதிக்கு அடிப்படை மண். குட்டி அந்த மாநிலத்தில் பிறந்து, தொடக்க மாதங்களை அங்கேயே கழித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாய் வென்றால் வழக்கமான பரிசோடு இந்த நிதியிலிருந்தும் பங்கு. கிராமத்துப் பண்ணைகளுக்கு வேலை, தீவனக் கடைக்கு வியாபாரம், கால்நடை மருத்துவருக்குத் தொழில் என்று ஆதரவாளர்கள் வாதாடினார்கள். விவசாய மானியத்துக்குச் சொல்லும் அதே வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

ஆனால் இங்கே பிரீடர் கட்டும் கட்டணம் பெயரளவுக்குத்தான். பரிசுப் பானையை நிரப்புவது நாயைப் பார்க்காமலேயே இயந்திரத்தில் காசு போடும் சூதாடி. பானைக்குள் வரும் பணத்துக்கும் குட்டிகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. ஃபியூச்சரிட்டியில் ஒரு ஈற்று கூடினால் செலவு கூடும். இங்கே ஒரு ஈற்று கூடினால் பரிசு கிடைக்கும் வாய்ப்பு கூடும். கடிவாளத்தைக் கழற்றிவிட்டு ஊக்கத்தை மட்டும் விட்டுவைத்த ஏற்பாடு.

இந்தத் தொடர்பு அறுந்ததால் நேர்ந்த விசித்திரத்தை அயோவாவில் பார்க்கலாம். அங்கே நாய்ப் பந்தய மைதானத்தோடு சேர்ந்த கேசினோவை நடத்த வேண்டுமென்றால் நாய்ப் பந்தயமும் நடத்த வேண்டியிருந்தது, அதன் பரிசுத் தொகைக்குப் பணமும் தர வேண்டியிருந்தது. மைதானத்தில் கூட்டமே இல்லை. வெறும் இருக்கைகளுக்கு முன்னால் நாய்கள் ஓடின. 2014இல் சட்டம் மாறியது. இந்தக் கட்டாயத்திலிருந்து விடுபட கேசினோக்கள் ஏழு ஆண்டுகளில் 7.2 கோடி டாலர் நாய்ப் பந்தயத் துறைக்குத் தர ஒப்புக்கொண்டன. நாய் ஓட்டாமல் இருப்பதற்கு 7.2 கோடி டாலர்! கவுன்சில் பிளஃப்ஸ் மைதானம் 2015 இறுதியில் மூடப்பட்டது. டுபியூக் மைதானம் பிரீடர்களின் சங்கத்தின் கையில் தத்தளித்து 2022 மே மாதத்தோடு நின்றது. சொந்தக் கட்டணத்தில் நிற்க முடியாத திட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதன் ஆயுள் மானியத்தின் ஆயுள்தான்.

ஃப்ளோரிடா 1931இலேயே நாய்ப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கிய மாநிலம். 2018 நவம்பரில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. 69 சதவீதம் பேர் பந்தயத்தை நிறுத்தச் சொன்னார்கள். 2020 முடிவோடு நின்றது. 2022 டிசம்பரில் ஆர்க்கன்சாஸும் நிறுத்தியபின் அமெரிக்காவில் மிஞ்சியவை மேற்கு வர்ஜீனியாவின் இரண்டு மைதானங்கள் மட்டும். அங்கேயும் இனப்பெருக்க நிதியை ஒழிக்க 2017இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் ஜிம் ஜஸ்டிஸ் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்தார். 2020இல் மறுபடி முயன்றார்கள். மேலவையில் ஆதரவு 11, எதிர்ப்பு 23. மாநில நிதி என்பது பிரீடருக்குக் கிடைக்கும் பணம் மட்டுமில்லை, அரசியல் பலமும்தான் என்பதற்கு இது சாட்சி.

அயர்லாந்தில் அரசு இன்னும் நேரடியாக வருகிறது. 2001 சட்டப்படி குதிரை, கிரேஹவுண்ட் பந்தய நிதி என்று ஒன்று உண்டு. அதில் 80 சதவீதம் குதிரைக்கு, 20 சதவீதம் நாய்க்கு. 2024இல் மொத்தம் 9.5 கோடி யூரோ. நாய்களின் பங்கு 1.9 கோடி. அந்த நாட்டு கிரேஹவுண்ட் வாரியத்துக்காகவே ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை 2019 ஜூனில் அயர்லாந்துத் தொலைக்காட்சி வழியாக வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. ஆண்டுக்கு 16,000 குட்டிகள் பிறக்கின்றன, வேகம் போதவில்லை என்ற காரணத்துக்காகக் கிட்டத்தட்ட 6,000 நாய்கள் கொல்லப்படுகின்றன என்றது அறிக்கை. தேவைக்கு மேல் பல மடங்கு பிறப்பு.

இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய ஒரு முடிச்சு இருக்கிறது. பிரிட்டனில் ஓடும் கிரேஹவுண்ட்களில் பத்துக்கு எட்டு அயர்லாந்தில் பிறந்தவை. பிரிட்டனில் பந்தய நிதி வருவது, நாய்களின் மேல் கட்டப்படும் பந்தயப் பணத்தில் பந்தயத் தரகு நிறுவனங்கள் விருப்பத்தின் பேரில் தரும் 0.6 சதவீதத்திலிருந்து. குதிரைக்கு இருப்பது போலச் சட்டக் கட்டாயம் கிடையாது. அயர்லாந்து வரிப்பணம் தாங்கும் வளர்ப்புத் தொழில் பிரிட்டன் மைதானங்களுக்கு நாய் அனுப்புகிறது. பிரிட்டன் பிரீடர்களுக்கென்று எந்த ஊக்கத்தொகை அறிவித்தாலும் இந்தப் போட்டியை வெல்ல முடியாது. ஊக்கத்தொகையை ஒரு நாட்டு எல்லைக்குள் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் மறந்துவிடும் விஷயம், நாய் கப்பலில் ஏறும் என்பது.

ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் ஊக்கத் திட்டங்கள். விக்டோரியாவில் உரிமையாளருக்கும் பிரீடருக்கும் சேர்த்தே போனஸ் தரும் திட்டம் நெடுநாள் நடந்தது. நியூ சவுத் வேல்ஸில் பந்தய வருமானத்தைக் குதிரை, வண்டிக் குதிரை, நாய் மூன்றுக்கும் பிரிக்க 99 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, நாய்க்கு 13 சதவீதம் என்று நிர்ணயித்தார்கள். நாய்ப் பந்தயத்தில் பணம் பெருகியபோதும் பங்கு மாறவில்லை, அதனால் நாய்த் துறையினரின் மனக்குறை தீரவே இல்லை. 2015 பிப்ரவரியில் உயிருள்ள விலங்குகளை இரையாக வைத்து நாய்களைப் பழக்கியது தொலைக்காட்சியில் அம்பலமானது. முன்னாள் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையில் விசாரணை நடந்தது. 12 ஆண்டுகளில் 48,000 முதல் 68,000 வரையான நாய்கள் ஓடத் தகுதியில்லை என்று கொல்லப்பட்டிருக்கலாம் என்றது அறிக்கை. 2016 ஜூலையில் முதலமைச்சர் மைக் பெயர்ட் பந்தயத்தையே தடைசெய்வதாக அறிவித்தார். மூன்று மாதத்தில், அக்டோபரில், தடையை விலக்கிக்கொண்டார்.

மெக்ஹியூ அறிக்கையின் எண்ணிக்கையைப் பார்த்து பிரீடர்கள் எல்லாம் கொடியவர்கள் என்று முடிவுகட்டுவது சுலபம். அந்த முடிவு எனக்கு உதவாது. ஒரு சிறு பண்ணைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். எட்டுக் குட்டிகளில் ஒன்றோ இரண்டோதான் வெல்லும். எது என்று பதினெட்டு மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவரை எட்டுக்கும் தீனி. வெல்லும் ஒன்றுக்கு ஊக்கத்தொகை வரும். மற்ற ஏழுக்கு எந்தத் திட்டத்திலும் ஒரு வரிகூட இல்லை. திட்டத்தை எழுதியவர்கள் அந்த ஏழு நாய்களைச் செலவாகக்கூட எண்ணவில்லை. எண்ணாத செலவை யாராவது ஒருவர் எப்படியாவது தீர்த்துக்கொள்வார். தீர்த்துக்கொண்டார்கள்.

இந்த ஓட்டையை அடைக்கக் கட்டணத்தையே கருவியாக்கிய முயற்சியாக எனக்குத் தெரிந்தவற்றில் சிறந்தது பிரிட்டனின் கிரேஹவுண்ட் வாரியம் 2020 செப்டம்பரில் கொண்டுவந்தது. நாயை ஓட்டத்துக்குப் பதிவுசெய்யும்போதே 400 பவுண்ட் பிணைத்தொகை. பாதி உரிமையாளர், பாதி வாரியம். நாய் ஓய்வு பெற்று அங்கீகரித்த மறுவாழ்வு மையத்துக்குப் போகும்போது பணம் அந்த மையத்துக்குப் போகும். பிறகு தொகையைச் சற்றே உயர்த்தினார்கள். கழுத்துப்பட்டை போல நாயோடேயே போகும் காசு இது. வீட்டு வாடகைக்கு அட்வான்ஸ் கொடுப்பதைப் போலத்தான். குடியிருக்கும்போது யாரும் நினைப்பதில்லை, காலிசெய்யும்போது அதுதான் பேசும்.

ஆனால் இதிலும் ஒரு பிசகு. 400 பவுண்ட் ஒரு நாயைப் பல்வைத்தியம் பார்த்து, கருத்தடை செய்து, சில வாரம் தீனிபோட்டு வீடு சேர்க்கப் போதாது. இன்னும் பெரிய பிசகு, பிணைத்தொகை கட்டுவது பந்தயத்துக்கு வந்து சேரும் நாய்க்கு மட்டும். வேகம் இல்லாமல் பண்ணையிலேயே தங்கிவிட்ட நாய்க்குப் பிணை இல்லை. அந்த நாயை உண்டாக்கிய பிரீடர் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

நம் பக்கத்தில் பந்தயச் சூது இல்லாததால் இந்த நோய் வரவில்லை. ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களுக்குப் பரிசும் ஊக்கத்தொகையும் வேண்டும் என்ற குரல் அடிக்கடி கேட்கிறது. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது, சென்னை சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு நடந்தது. 2017இன் மத்திய விதிகள், பிரீடர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் 5,000 ரூபாய் கட்டிப் பதிவுசெய்ய வேண்டும் என்கின்றன. ஊர்ப்பக்கத்துப் பழைய வழக்கம் இதைவிட எளிது. கடுவன்காரர் பணம் கேட்கமாட்டார், ஈற்றில் ஒரு குட்டியை எடுத்துக்கொள்வார். குட்டி பிறக்காவிட்டால் கட்டணமும் இல்லை. நம்மூர்க்காரர் யாராவது ஊக்கத் திட்டம் ஒன்றை வரையப் போகிறார் என்றால் அவருக்கு என் ஆலோசனை இதுதான்: பரிசைக் குட்டி எண்ணிக்கையோடு இணைக்காதீர்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். காது கேட்கிறதா என்று கருவி வைத்துச் சோதித்த சான்றோடு வரும் ஈற்றுக்கு மட்டும் பரிசு என்று வைத்தால், அந்தப் பணம் இனத்துக்குப் பயன்படும். கண்காட்சியில் வால் எப்படி வளைகிறது என்று பார்த்துக் கொடுப்பதைவிட அது மேல்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஃபியூச்சரிட்டி முறையில் குறை இருந்தாலும் அது நேர்மையானது. நாய் வளர்ப்பவர் தன் காசை வைத்து விளையாடுகிறார். சூதாட்ட வருமானத்தில் நடக்கும் ஊக்கத் திட்டங்கள் பணத்தில் எவ்வளவு பெரியவையானாலும் நாய்க்கு நல்லதைச் செய்யவில்லை. அவற்றைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால் ஒரு திருத்தம் போதும்: பிணைத்தொகையை ஓட்டப் பதிவின்போது வாங்காமல் ஈற்றுப் பதிவின்போதே, பிரீடரிடமிருந்தே, பிறந்த ஒவ்வொரு குட்டிக்கும் வாங்க வேண்டும். ஊக்கத்தொகை வேண்டுகிறவர் எட்டுக் குட்டிக்கும் கட்டட்டும். அப்படிக் கட்ட வேண்டியிருந்தால் எத்தனை ஈற்று பிறக்கும் என்பதை அவரே முடிவுசெய்துகொள்வார்.

நாய்களின் பிற்கால வாழ்வுக்கான இந்தச் செலவைக் கடைசிவரை தள்ளிப்போட்ட நாடு நியூசிலாந்து. 2024 டிசம்பரில் அமைச்சர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் கிரேஹவுண்ட் பந்தயத்தை மூடப்போவதாக அறிவித்து, 2026 ஜூலை 31ஐக் கடைசி நாளாக வைத்தார். அறிவிப்பின்போது வீடு தேட வேண்டியிருந்த நாய்கள் சுமார் 2,900.